பழைய காரின் பின் வைப்பர் ஓடவில்லையா? உப்புக் காற்று ஊரில் பழுது பார்க்கும் வரிசை

போன ஐப்பசியில் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி மண்டபத்தில் என் வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கையில் மதுரையில் வாங்கிய பழைய வைப்பர் மோட்டார் ஒன்று. “அண்ணே, மோட்டார் போச்சுன்னு மாத்தினேன். இதுவும் ஓடல” என்றார். டிக்கி கதவைத் திறந்து, கீல் ஓரத்தில் இருக்கும் ரப்பர் குழாயை இழுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு வயர் அறுந்து கிடந்தது. அவர் கழற்றி ஓரமாகப் போட்டிருந்த மோட்டாருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

இந்தக் கரையோரத்தில் ஓடும் பழைய ஹேட்ச்பேக் கார்களில் நான் பார்த்தவரை மோட்டார் எரிந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் வைப்பரைத் திருப்பும் இரும்புத் தண்டான ஷாஃப்ட் உப்பில் இறுகியிருக்கும், அல்லது கீல் ஓரத்தில் வயர் அறுந்திருக்கும், அல்லது கரண்ட் பாடிக்குத் திரும்பும் எர்த் இணைப்பு கெட்டிருக்கும். இவற்றை வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம். ஆனால் வரிசை மாறக் கூடாது. பணம் செலவாகாத சோதனைகள் முன்னால், பிரித்தெடுக்கும் வேலை பின்னால். கீழே உள்ளது அந்த வரிசைதான்.

1. வேலைக்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று. சாதாரண விலைக்குக் கிடைப்பதே போதும். 10, 13 அளவு சாக்கெட், ஸ்க்ரூ டிரைவர்கள், நுனி மெல்லிய பிளையர், டிரிம் கழற்றும் பிளாஸ்டிக் பட்டை. பட்டை இல்லாவிட்டால் பழைய தோசைக் கரண்டியின் விளிம்பில் துணி சுற்றிக்கொள்ளலாம்.

இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றை வாங்கி, அதில் இரண்டு நீள வயர்களைப் பற்றவைத்து வையுங்கள். இந்த வேலையில் மல்டிமீட்டரைவிட இந்தப் பல்பு அதிக உண்மை சொல்லும். காரணத்தை 7-ஆம் படியில் சொல்கிறேன்.

துரு இளக்கும் ஸ்ப்ரே, 400, 600 எண் உப்புத்தாள், கொஞ்சம் மண்ணெண்ணெய், தண்ணீரில் கரையாத கிரீஸ். கிரீஸுக்கு அலைய வேண்டாம். பாம்பன், மண்டபம் பக்கம் போட் எஞ்சின் பார்ப்பவர்களிடம் கேட்டால் கடல் தண்ணீருக்குத் தாங்கும் கிரீஸ் எது என்று காட்டுவார்கள். அதில் ஒரு சின்ன டப்பா போதும்.

வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஷாஃப்ட் இறுகியிருந்தால் ஓர் இரவு ஊற வைக்க வேண்டியிருக்கும். மறுநாள் காலை ராமேஸ்வரம் கிளம்ப வேண்டும் என்ற நிலையில் இதைத் தொடங்காதீர்கள்.

2. தொடும் முன் கேளுங்கள், பாருங்கள்

கண்ணாடியை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஹேட்ச்பேக் காரின் பின்னால் காற்று சுழன்று திரும்புவதால் தூசியும் உப்பும் பின் கண்ணாடியிலேயே வந்து படியும். காய்ந்த உப்பின் மேல் வைப்பரை ஓட்டினால் கண்ணாடியில் வளைவாகக் கீறல் விழும். அது பாலிஷில் போகாது.

பிறகு ஆர்மை, அதாவது பிளேடைத் தாங்கும் கையை, கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். முழுதாகத் தூக்க இடமில்லாத வண்டிகளில் பிளேடுக்கு அடியில் தடித்த துணி வைத்துக்கொள்ளலாம். கீயை ஆன் செய்து, பின் வைப்பர் சுவிட்சைப் போட்டு, டிக்கி கதவில் காதை வையுங்கள்.

சத்தமே இல்லை என்றால் கரண்ட் வரவில்லை, அல்லது மோட்டாரின் உள்ளே சுழலும் பகுதிக்குக் கரண்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ‘உம்’ என்ற முனகல் மட்டும் கேட்டு ஆர்ம் அசையவில்லை என்றால் ஷாஃப்ட் இறுகியிருக்கிறது. உடனே சுவிட்சை அணையுங்கள். அடைபட்ட மோட்டாரில் கரண்ட் ஏறிக்கொண்டே இருந்தால் சுருள் சூடாகும். இதுவரை எரியாத மோட்டார் அப்போதுதான் எரியும்.

மோட்டார் ஓடும் சத்தம் சீராகக் கேட்டும் ஆர்ம் அசையாவிட்டால் ஆர்மைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து ஆர்மின் உள்பற்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது உள்ளே பிளாஸ்டிக் கியரின் பற்கள் போயிருக்கலாம். ஆர்மின் அடியில் உள்ள மூடியைத் திறந்து, நட்டு சுற்றுகிறதா என்று பாருங்கள். நட்டு அசைந்து ஆர்ம் அசையாவிட்டால் கோளாறு ஆர்மில்தான்.

அணைத்ததும் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடுவதும், அணைத்த பிறகும் நிற்காமல் ஓடுவதும் வேறு வகை. அவை, வைப்பரைக் கண்ணாடி ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் பார்க் தகட்டின் கோளாறுகள். 10-ஆம் படிக்குப் போங்கள்.

புதிதாக இறங்குபவர்கள் இந்த இடத்திலேயே ஒரு தவறு செய்கிறார்கள். ஆர்மைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் தள்ளி “இறுகியிருக்கிறதா” என்று பார்க்கிறார்கள். நல்ல மோட்டாரிலும் அது அசையாது. உள்ளே இருப்பது திருகு வடிவப் புழுக் கியர். மோட்டார் கியரைத் திருப்பும், கியர் மோட்டாரைத் திருப்பாது. கையால் அழுத்தித் தள்ளினால் பிளாஸ்டிக் பல் உடையும். அவ்வளவுதான் நடக்கும்.

3. ஃபியூஸ்

ஃபியூஸ் பெட்டி பெரும்பாலும் டிரைவர் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில் இருக்கும். மூடியின் உள்பக்கம் எது எதற்கு என்று வரைந்திருக்கும். முன் வைப்பருக்கும் பின் வைப்பருக்கும் தனித்தனி ஃபியூஸ் உள்ள வண்டிகள் நிறைய. முன்னது ஓடுகிறது, அதனால் ஃபியூஸ் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஃபியூஸைப் பிடுங்கிக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. கீ ஆனில் இருக்கும்போது, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பாடி உலோகத்தில் வைத்து, ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் சிவப்பு முனையால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் சுமாருக்கு வர வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் கோளாறு ஃபியூஸுக்கு முன்னால், கீ பக்கம்.

போயிருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். 10-க்குப் பதில் 20 போட்டால் ஃபியூஸ் தப்பிக்கும், வயர் எரியும். புதியதும் உடனே போனால் மூன்றாவதைத் தேடாதீர்கள். கீல் ஓரத்தில் ஒரு வயர் பாடியில் உரசுகிறது, அல்லது ஷாஃப்ட் இறுகி மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கிறது.

4. அதே கதவில் வேறு என்னென்ன வேலை செய்கிறது?

இது ஒரு நிமிட வேலை. கருவி தேவையில்லை. ஆனாலும் முக்கால்வாசிப் பேர் தாவிவிடுகிறார்கள். டிக்கி கதவில் இருக்கும் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: நம்பர் பிளேட் விளக்கு, உயரத்தில் இருக்கும் பிரேக் விளக்கு, கண்ணாடியைச் சூடாக்கும் டிஃபாகர், எலக்ட்ரிக் பூட்டு.

இவை எல்லாவற்றுக்கும் வயர் ஒரே ரப்பர் குழாய் வழியாகத்தான் கதவுக்குள் போகிறது. பெரும்பாலும் எர்த்தும் பொதுதான். வைப்பரோடு நம்பர் பிளேட் விளக்கும் மங்கலாக இருந்தால், வைப்பரைப் போடும்போது பிரேக் விளக்கு லேசாக மின்னினால், மோட்டாரை மறந்துவிட்டு எர்த்தைத் தேடுங்கள். மற்றவை அனைத்தும் பளிச்சென்று இருந்து வைப்பர் மட்டும் நின்றிருந்தால், அதற்கான தனி வயர், சுவிட்ச், மோட்டார் இவற்றில் ஒன்று.

5. கீல் ஓரத்து ரப்பர் குழாய்

கதவுக்கும் கூரைக்கும் நடுவே, கீல் பக்கத்தில், சுருக்கம் சுருக்கமாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். டிக்கியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதனுள் இருக்கும் வயர்கள் வளைகின்றன. பத்துப் பதினைந்து வருடம் வெயிலில் நின்ற வண்டியில் வயர் மேலுறை விறைத்து வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் உப்புக் காற்று புகுந்து செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும்.

சோதனை இப்படி: ஆர்மைத் தூக்கி வைத்து, வைப்பர் சுவிட்சை ஆனில் விட்டு, ஒருவர் டிக்கி கதவை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தட்டும். இடையில் எங்காவது வைப்பர் துடித்தால் விஷயம் முடிந்தது, வயர் அங்கேதான் அறுந்திருக்கிறது. சில வண்டிகளில் டிக்கி திறந்திருந்தால் வைப்பர் ஓடாதபடியே கம்பெனி அமைத்திருக்கும். அவற்றில் இந்தச் சோதனை செல்லாது.

துடிக்காவிட்டாலும் குழாயைத் திறந்து பார்ப்பது நல்லது. முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ ரகசிய எண் கேட்கும் வண்டியாக இருந்தால் அந்த எண்ணை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் குழாயின் இரு முனைகளையும் ஓட்டையிலிருந்து நெம்பி எடுத்து, ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். ஒவ்வொரு வயரையும் தனியாக எடுத்து மெல்ல இழுங்கள். நல்ல வயர் நீளாது. உள்ளே செம்பு அறுந்த வயர் ரப்பர் போல லேசாக நீளும். கண்ணுக்கு முழுதாகத் தெரியும் வயர்கூட இப்படி ஏமாற்றும்.

ஒட்டுப்போடும்போதுதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அறுந்த இடத்திலேயே இரு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். அந்த இடம் தினமும் வளையும் இடம். முறுக்கிய ஒட்டு மூன்று மாதத்தில் விட்டுப்போகும். ஈயம் பற்றவைத்தாலும் அதே கதைதான், ஏனென்றால் ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் வயர் மறுபடி ஒடியும்.

சரியான வழி: கெட்ட துண்டை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் அல்லது சற்றுத் தடித்த, பல இழையுள்ள வளையும் வயரை ஒரு முழம் சேருங்கள். ஒரு ஒட்டு கூரைக்குள்ளேயும் மறு ஒட்டு கதவுக்குள்ளேயும் வரட்டும். ரப்பர் குழாய்க்குள் ஒட்டே இருக்கக் கூடாது. ஒட்டுகளை ஈயம் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் உறை போடுங்கள். இரண்டு மூன்று வயர்களை ஒட்டுகிறீர்கள் என்றால் ஒட்டுகள் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வைக்க வேண்டும். குவிந்தால் ரப்பர் குழாய் அதன் இடத்தில் உட்காராது, அந்த இடுக்கில் மழைத் தண்ணீர் இறங்கும்.

ஒரு வயர் அறுந்திருந்தால் பக்கத்து வயர்களும் அதே வயதுதான். வெடிப்பு தெரிந்தவை அனைத்தையும் அன்றே மாற்றிவிடுங்கள். இரண்டாம் முறை அந்தக் குழாயைத் திறப்பது அலுப்பான வேலை.

6. உள் அட்டையைக் கழற்றுதல்

வயர் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்து டிக்கி கதவின் உள் அட்டை. கைப்பிடிக் குழிக்குள்ளும், சின்ன பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னாலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்தாயிற்று என்று உறுதியான பிறகுதான் கிளிப்பை நெம்ப வேண்டும். அட்டை உடைவதெல்லாம் மறந்துபோன ஒரு ஸ்க்ரூவால்தான்.

பழைய கிளிப்புகள் காலைக் குளிர்ச்சியில் பட்டென்று ஒடியும். வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தி, பிறகு நிழலுக்குக் கொண்டுவந்து செய்யுங்கள். பிளாஸ்டிக் சற்று இளகியிருக்கும். இரண்டு மூன்று கிளிப் எப்படியும் போகும், அதற்கு வருந்த வேண்டாம். பொதுவான அளவுகள் ஆட்டோ பார்ட்ஸ் கடைகளில் உதிரியாகவே கிடைக்கின்றன.

7. மோட்டார் வரை கரண்ட் வருகிறதா

மோட்டாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே பச்சைக் களிம்பு இருந்தால் அதுவே கோளாறாக இருக்கலாம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய தூரிகையால் தேய்த்து, மறுபடி மாட்டிப் பாருங்கள்.

களிம்பு இல்லை என்றால் அளந்து பார்க்கும் வேலை. முன்பு பேட்டரி முனையைக் கழற்றியிருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் கனெக்டரின் ஒவ்வொரு பின்னையும் தொடுங்கள். மூன்று வயர் உள்ள வண்டிகளில் வழக்கமாக ஒன்றில் சுவிட்சைப் போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும். இன்னொன்றில் கீ ஆனில் இருந்தாலே வரும். அது வைப்பரைக் கண்ணாடி ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்துவதற்கான வயர். மூன்றாவது எர்த். எந்தப் பின் எது என்பது வண்டிக்கு வண்டி மாறும். வயர் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

மீட்டர் 12 காட்டிவிட்டது, அதனால் மோட்டார்தான் போயிருக்கிறது என்று இங்கே பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். கீழக்கரைத் தம்பி செய்ததும் இதையேதான். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு. இருபது இழையில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். ஆனால் மோட்டார் கேட்கும் ஆம்பியர் அந்த ஓர் இழையில் வராது. அதற்குத்தான் 21 வாட் பல்பு. அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். வயரின் உண்மை நிலை அப்போது தெரிந்துவிடும்.

சுவிட்சைப் போட்டு, பல்பின் ஒரு வயரைக் கரண்ட் வரும் பின்னிலும் மற்றதைக் கனெக்டரின் எர்த் பின்னிலும் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயரும் எர்த்தும் நல்லவை. கோளாறு மோட்டாரில், 8-ஆம் படிக்குப் போகலாம்.

மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ, எர்த் பின்னில் இருந்த முனையை மட்டும் எடுத்து சுத்தமான பாடி உலோகத்தில் வையுங்கள். இப்போது பளிச்சென்று எரிந்தால் எர்த் கெட்டிருக்கிறது. அப்போதும் மங்கல் என்றால் கரண்ட் வரும் வயரில்தான் குறை. மறுபடி கீல் குழாய்க்கும், அங்கே இல்லையென்றால் சுவிட்சுக்கும், வைப்பரை விட்டுவிட்டு ஓடவைக்கும் இன்டர்வல் ரிலேவுக்கும் போங்கள்.

எர்த் வயர் கதவின் உள்ளேயோ டிக்கியின் பக்கவாட்டிலோ ஒரு போல்ட்டில் பிடித்திருக்கும். கழற்றி, அடியில் உள்ள துருவைப் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, அதன் மேலே கிரீஸ் பூசுங்கள். டிக்கியில் மீன் பெட்டி ஏற்றும் வண்டியா? ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் இறங்கும் இடத்தில் இருக்கும் எர்த் போல்ட்டை முதலில் பாருங்கள். தொண்டியில் ஒரு வண்டியில் அந்த போல்ட் கையோடு உதிர்ந்து வந்தது.

8. ஆர்மைக் கழற்றுதல்

கரண்ட் நன்றாக வருகிறது, ஆனால் ஓடவில்லை. இனிமேல்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் வைப்பர் ஓய்வில் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் காகித டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்றுபோயிருந்தால் வண்டியின் பழைய போட்டோ ஏதாவது பார்த்து ஓய்வு நிலையைத் தெரிந்துகொள்ளலாம்.

நட்டைக் கழற்றியதும் ஆர்ம் வந்துவிடாது. இரும்பு ஷாஃப்ட்டும் அலுமினிய ஆர்மும் உப்பில் ஒன்றோடொன்று பிடித்திருக்கும். இங்கே சுத்தியலை எடுக்கவே கூடாது. முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, அடிபட்டால் கீறல்தான் விடும். பின் கண்ணாடி டஃபன்ட் வகை. ஓர் இடத்தில் நறுக்கென்று அடி விழுந்தால் மொத்தமும் சின்னச் சின்னக் கட்டிகளாகக் கொட்டிவிடும். ஸ்க்ரூ டிரைவரைக் கண்ணாடியில் ஊன்றி நெம்புவதும் அதே ஆபத்துதான்.

நட்டை முழுதாக எடுக்காமல் கடைசித் திருகில் விட்டுவையுங்கள். ஆர்மின் அடியில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துப் பத்து நிமிடம் பொறுங்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை ஆர்மின் அடிப்பாகத்தில் ஊற்றுங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும், அந்த விரிவில் பிடி தளரும். பிறகு ஆர்மின் அடிப்பாகத்தை இரு கையாலும் பிடித்து, ஷாஃப்ட்டைத் திருப்பாமல், மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். வராவிட்டால் பேட்டரி டெர்மினல் கழற்றும் சின்னப் புல்லரைப் போட்டு இழுக்கலாம். அதுதான் மிகப் பாதுகாப்பான வழி.

9. இறுகிய ஷாஃப்ட்

நம் ஊரில் பாதிக்கு மேல் வந்து நிற்கும் இடம் இது. இதைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

கண்ணாடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு ஷாஃப்ட் அலுமினியக் கூட்டுக்குள் சுழல்கிறது. நடுவில் ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் தண்ணீரைத் தடுக்கும். அது வயதாகி விறைத்ததும் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும். இரும்பும் அலுமினியமும் உப்பு நீரும் ஓர் இடத்தில் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம். அது வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பூத்த பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும், ஆகவே ஷாஃப்ட்டை நாலா பக்கமும் நெருக்கிப் பிடிக்கிறது. தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் அடிக்கடி போகும் வண்டியில் பறக்கும் மணலும் இதோடு சேரும்.

வெளியிலிருந்து ஸ்ப்ரே மட்டும் அடித்து ஓட்டிவிடலாம் என்று தோன்றும். இரண்டு வாரம் ஓடவும் செய்யும். ஆனால் அந்த ஸ்ப்ரே உள்ளே மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்து எடுத்துவிடும், பொடி அங்கேயே இருக்கும். அடுத்த இறுக்கம் முன்பைவிடக் கெட்டியாக வரும். மோட்டாரைக் கழற்றுவதுதான் வழி.

பெரும்பாலும் மூன்று போல்ட்டுகள். கழற்றும்போது ரப்பர் புஷ்களும் வாஷர்களும் எந்த வரிசையில் வருகின்றன என்று போனில் படம் எடுங்கள். மோட்டாரை மேசைக்குக் கொண்டுவந்து, ஷாஃப்ட் வெளிவரும் இடத்தில் ஸ்ப்ரே அடித்து, நிமிர்த்தி வைத்து இரவு முழுக்க விடுங்கள்.

காலையில் கியர் பெட்டியின் மூடியைத் திறங்கள். ஸ்க்ரூ இருந்தால் எளிது. ரிவெட் அடித்திருந்தால் அதைத் துளையிட்டு எடுத்து, திரும்ப மூடும்போது சின்ன ஸ்க்ரூ போட வேண்டும். உள்ளே கியர்கள் ஒன்றோடொன்று எங்கே சேர்ந்திருக்கின்றன என்று படம் எடுத்து, நெயில் பாலிஷால் ஒரு புள்ளியும் வையுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் வைப்பர் கண்ணாடியை விட்டுப் பாடியில் அடிக்கும்.

ஷாஃப்ட்டின் வெளிமுனையில் அதை நகராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையத்தையும் வாஷர்களையும் எடுங்கள். ஆர்ம் நட்டை ஷாஃப்ட்டின் நுனி வரை திருகி, நுனியும் நட்டும் சமமாக இருக்கும்படி வைத்து, மரச் சுத்தியலால் உள்நோக்கித் தட்டுங்கள். நட்டு இல்லாமல் தட்டினால் திருகுகள் நசுங்கி, பிறகு நட்டே ஏறாது. அசையாவிட்டால் கூட்டின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி மறுபடி தட்டுங்கள். நெருப்பு காட்டாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் கியர் இருக்கிறது.

ஷாஃப்ட் வெளியே வந்ததும் 400 தாளில் தேய்த்து 600-இல் முடியுங்கள். துருவும் கறையும் போனால் போதும், இரும்பைத் தின்றுவிட வேண்டாம். கூட்டின் துளைக்கு உப்புத்தாளை ஒரு மெல்லிய குச்சியில் சுருட்டி, உள்ளே விட்டுத் திருப்புங்கள். வெள்ளைப் பொடி முழுதாகப் போக வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, ஷாஃப்ட்டை உள்ளே விட்டுப் பாருங்கள். விரல் நுனியால் சுழல வேண்டும். பிடிக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம்.

புது ஓ-ரிங் கட்டாயம். பழையதையே போட்டால் அடுத்த வாடைக் காற்றுக் காலத்தில் இதே வேலை. பழையதை எடுத்துக்கொண்டு பம்பு, மோட்டார் உதிரிக் கடைக்குப் போனால் அளவு பார்த்துத் தருவார்கள். ஓ-ரிங் உள்ள பகுதிக்கு சிலிகான் கிரீஸ் நல்லது, சில ரப்பர்கள் சாதாரண கிரீஸில் ஊறி உப்பிவிடும். ஷாஃப்ட்டின் மற்ற நீளம் முழுக்க போட் கிரீஸைத் தடவிச் செலுத்துங்கள்.

பிளாஸ்டிக் கியரின் பல் உடைந்திருந்தால் முழு மோட்டார்தான். பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கும்போது பேட்டரியில் கொடுத்து, ஒரு முழு வீச்சு ஓடுகிறதா என்று அங்கேயே பாருங்கள். ஷாஃப்ட்டைச் சுற்றி வெள்ளை பூத்திருந்தால் அது கடலோர வண்டியின் மோட்டார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

10. பார்க் தகடுகளும் பிரஷும்

சுவிட்சை அணைத்த பிறகும் வைப்பர் கண்ணாடி ஓரம் வரை போய் நிற்பது எப்படி? கியரின் மேல் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. மூடியில் உள்ள பித்தளை நாக்குகள் அதில் உரசி, ஓரம் வரும்வரை கரண்டைக் கொடுக்கும். களிம்பு பிடித்தால் நடுவிலேயே நின்றுவிடும். நாக்கு வளைந்து ஒட்டிக்கொண்டால் நிற்கவே நிற்காது. அழிரப்பரால் மெல்லத் துடையுங்கள். உப்புத்தாள் இங்கே வேண்டாம். இந்த நாக்குகளின் மேல் கெட்டியான கிரீஸை அப்பினாலும் கரண்ட் தொடாது.

மோட்டார் பகுதி சத்தமே இல்லாமல் இருந்தால், கரண்ட் கொடுத்தபடி அதன் உடலை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் பொருந்தும் பிரஷ் போட்டுத் தருவார்கள்.

11. மாட்டும் வரிசை

மோட்டாரை மாட்டி, கனெக்டரைச் சொருகி, ஆர்ம் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, அது தானாக நிற்கும்வரை விடுங்கள். இப்போது ஷாஃப்ட் ஓய்வு நிலையில் இருக்கிறது. இனிதான் ஆர்மை, டேப்பில் குறித்த இடத்தில் வைத்து மாட்ட வேண்டும். ஆர்மை முதலில் மாட்டிவிட்டு மோட்டாரை ஓட்டினால், முதல் வீச்சிலேயே அது பம்பரையோ ஸ்பாய்லரையோ போய் இடிக்கும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஆர்ம் வளைந்துதான் போயிருக்கிறது.

ஷாஃப்ட்டின் பற்களில் கிரீஸை மெல்லியதாகத் தடவி ஆர்மை ஏற்றுங்கள். அடுத்த முறை கழற்ற எளிதாக இருக்கும். நட்டை இறுக்கி, கண்ணாடியை நனைத்து, ஓட்டிப் பாருங்கள். நாலைந்து நாள் கழித்து நட்டை இன்னொரு முறை சோதியுங்கள். தளர்ந்த நட்டோடு ஓடினால் ஆர்மின் பற்கள் ஒரே மழையில் தேய்ந்துவிடும்.

உள் அட்டையை இன்னும் மூட வேண்டாம். கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷரைப் பார்ப்பது மிச்சம் இருக்கிறது.

12. வாஷர் தண்ணீர்

வாஷர் பொத்தானை அழுத்தும்போது பம்பு சத்தம் கேட்கிறதா பாருங்கள். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸும் பம்பும். சத்தம் இருந்தும் தண்ணீர் வராவிட்டால் நாசிலின் பின்னால் உள்ள ட்யூபைக் கழற்றி அழுத்துங்கள். ட்யூபில் தண்ணீர் வந்தால் நாசில் அடைத்திருக்கிறது, மெல்லிய ஊசியால் குத்தி எடுக்கலாம். ட்யூபிலேயே வராவிட்டால் அது வழியில் எங்கோ விட்டிருக்கிறது. முதலில் தேட வேண்டியது அதே கீல் ரப்பர் குழாயில்தான். மீன் தொட்டிக் கடையில் விற்கும் சின்ன பிளாஸ்டிக் ட்யூப் ஜாயின்ட் பெரும்பாலும் சரியாகப் பொருந்தும்.

சில கார்களில் வாஷர் தண்ணீர் வைப்பர் ஷாஃப்ட்டின் நடுத்துளை வழியாகவே வரும். அப்படிப்பட்டதில் கசிவு இருந்தால் தண்ணீர் நேராக மோட்டாருக்குள் இறங்கும். அட்டையை மூடும் முன் பத்துத் தடவை அழுத்திப் பார்த்து, மோட்டாரின் அடியில் ஒரு காகிதத்தை வைத்து, ஈரம் படுகிறதா என்று பாருங்கள்.

டாங்கில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கம் அது உவர். நாசிலை அடைப்பது மட்டுமில்லை, ஷாஃப்ட் அடிப்பாகத்தில் உப்பை நாமே கொண்டுபோய் வைத்த மாதிரி ஆகிவிடும். குடிக்கிற தண்ணீரை இதற்குச் செலவழிக்க மனம் வராது என்றால், வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து வையுங்கள். அதில் உப்பே இருக்காது. வடிகட்டி ஊற்றினால் போதும்.

அரிச்சல்முனையோ வாலிநோக்கம் உப்பளப் பக்கமோ போய்வந்த அன்று மாலை, ஆர்மின் அடியில் இரண்டு குவளை நல்ல தண்ணீர் ஊற்றி, கண்ணாடி நனைந்திருக்கும்போதே வைப்பரை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பங்குனி, சித்திரையில் மழை இல்லையென்று மாதக்கணக்கில் தொடாமல் விட்ட வண்டிகளில்தான் ஷாஃப்ட் முதலில் இறுகுகிறது. அந்த மாதங்களிலும் வாரத்துக்கு ஒருமுறை ஓட்டுங்கள்.